தவறிப் போட்ட துளை

ஏற்காட்டில் ஒரு காப்பிக் கிடங்கு.
நாற்பது வருசமாய்
மிளகு மூட்டைக்கு முட்டுக்கொடுத்து நின்ற பந்தய வண்டி.
கதவில்லை, கூரையில்லை,
முன்சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை.
பெயர்த்தகட்டில் துரு தின்றது போக மிச்சம்
ஓர் ஊரின் பாதி; ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
லாரியிலிருந்து இறக்கினார் எஸ்டேட்காரர் பெலிக்ஸ்.
சிலிண்டர் ஒவ்வொன்றும் ஒரு தவலை.
"ஓடுமா, மரகதவல்லி?"
"நிக்குமான்னு கேளுங்க" என்றேன்.

மண்ணெண்ணெயில் பிசுக்கைக் கழுவக் கழுவ
அலுமினிய அடிவயிற்றில் தெரிந்தது:
கோணலாக விழுந்த ஒரு துளை.
பித்தளை வைத்து அடைத்து, அரத்தால் இழைத்து,
அரை விரல் தள்ளி
சரியான துளை.

பந்தயத்துக்கு முந்தின ராத்திரியாக இருக்கும்.
வெளிச்சம் கம்மி.
மறுபடி வார்க்கக் காசில்லை.
மீசையில் உலோகத்தூளோடு
பிரெஞ்சிலோ இத்தாலியிலோ ஒரு கெட்ட வார்த்தை.
எனக்கு அது தமிழிலேயே கேட்டது.
போன வாரம்தான் நானும்
ஒரு பம்புசெட்டு மூடியை இப்படித்தான்...
முதலாளிக்கு இன்னும் தெரியாது.

சித்திரையில் அடிவாரத்திலிருந்து ஏற்றினோம்.
சங்கிலி போட்ட சத்தத்தில்
ஒன்பதாவது ஊசிவளைவில் பஸ்காரர் ஒதுங்கிக் கும்பிட்டார்,
பயமோ பக்தியோ.
பதினொன்றில் கொதித்து நின்றது.
குரங்குகள் வந்து சுற்றி உட்கார்ந்தன.
பின்சக்கரத்துக்குக் கல் தேடி ஓடினார் பெலிக்ஸ்.

நான் மல்லாந்து படுத்து
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
எல்லா இடமும் ஒழுகியது.
அந்தப் பித்தளையில் மட்டும்
ஈரமில்லை.