கஞ்சமலைக்காரனுக்கு இரும்பு போதவில்லை

ஐந்து ரோட்டு லேபில் தாளை நீட்டும்போது
அந்தப் பெண் கேட்டாள்:
"வேலை எங்கண்ணா?"
இரும்பாலை. உருட்டாலையில் கிரேன்.
சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு,
"ஃபெரிட்டின் ஒன்பதுதாண்ணா இருக்கு."

பத்தொன்பது வருடமாகத்
தகட்டுச் சுருளைத் தூக்கித் தூக்கி வைக்கிறவன் உடம்பில்
ஒரு குண்டூசிக்குக்கூடத் தேறாது போல.

கோகிலவாணியிடம் எப்படிச் சொல்வது.
ஊசி அவளுக்குத் தெரிந்ததுதான்.
மூளைக்கு அடியிலிருந்து பட்டாணி அளவுக் கட்டியை எடுத்த பின்
மீசை மெலிந்து
ஞாயிற்றுக்கிழமைகளைச் சுவர்ப்பக்கம் திரும்பியே கழித்தவனுக்கு
மூன்று வாரத்துக்கு ஒன்று என எழுதிய எண்ணெய் ஊசி.
குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி
அவளேதான் போடுவாள், தொடையில்.
"ஆம்பள வந்துட்டாரு" என்பாள் பஞ்சை அழுத்தியபடி.
பாதி கேலி.
மீதி என்னவென்று நான் கேட்டதில்லை.

ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும் என்று
டாக்டர் ஷெரின் முதலிலேயே சொன்னதுதான்.
ஹீமாட்டோகிரிட் ஐம்பத்து நாலு வந்த மாதம்
இரண்டு காதும் உலையாய் இரைந்தன.
ஒரு தடவை ரத்தம் கொடுங்கள், இறங்கும், என்றார்.
ஒரு தடவை.
நான் வருடத்தில் நாலு தடவை கொடுத்தேன்.
பழச்சாறு, பிஸ்கட், சான்றிதழ்.
கேன்டீனில் மாதேஸ் எனக்கு 'வள்ளல்' என்று பெயர் வைத்தான்.
மிச்சத்தைத்தான் கொடுக்கிறேன் என்றிருந்தேன்.
கொடுத்தது கிடங்கை.

நகம் கரண்டியாய்க் குழிந்தது.
ஐஸ் கட்டியை ராத்திரியில் திருடித் தின்றேன்.
ஷிப்டு இல்லாத நாளிலும் இரண்டு மணிக்குப்
போர்வைக்குள் கால்கள் மட்டும் எழுந்து வேலைக்குப் போயின.
ஏற்காட்டில், சேர்வராயன் கோயில் மேட்டில்
அவள் முன்னால் ஏற,
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் மூன்று முறை குனிந்து நின்றேன்.
என் செருப்புக்கு வார் கிடையாது.

"மாத்திரை போட்டால் ரத்தம் கெட்டியாகும்,
ரத்தம் எடுத்தால் கிடங்கு காலியாகும்.
எதைக் குறைக்கிறது டாக்டர்?"
"முதலில் உங்கள் தர்மத்தை."
பிறகு ஊசியின் அளவைக் குறைத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்தார்.
ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை,
வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு.
டீயா? ஒரு மணி நேரம் கழித்து.
அதற்குத்தான் எனக்கு முகம் செத்துப்போனது.

சித்தர்கோவில் ஓடையில்
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்தால்
அதற்குக் கறுப்புத் தாடி முளைக்கும்.
எங்கள் ஊர் மலையே அப்படி.
நான் தூக்கும் நல்ல ரகத் தகட்டிலோ
காந்தம் ஒட்டுவதில்லை.
இந்த இரண்டையும் வைத்து எதையாவது சொல்ல முடியும்.
எனக்கு வரவில்லை.

இன்று சொல்லிவிட்டேன்.
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தைப் பிடுங்கி வந்து
என் நெஞ்சில் வைத்தாள்.
விழுந்தது.
இருவரும் சிரித்தோம்; அவள் முன்னால் நிறுத்தினாள்.
பிறகு குப்பியைச் சூடாக்கினாள்.

"இவ்வளவுதானா இனிமே?"
"இவ்வளவுதான்."
"போதுமா?"

எதைக் கேட்கிறாள் என்று தெரியும்போல இருந்தது.
"அடுத்த மாசம் பார்த்தாத் தெரியும்" என்றேன்
லேபைச் சொல்வதுபோல.

எலுமிச்சை பல்லைக் கூசுகிறது.
மேசையில் என் டீ தட்டு மூடிக் கிடக்கிறது.
இன்னும் இருபது நிமிடம்.