பிரிவு பதினொன்று

இன்வர்னெஸ்ஸில் சாவியைத் தருமுன்
கேலம் எங்களை வண்டியைச் சுற்றி நடக்கவைத்தான்.
இடது கதவில் ஒரு கீறல், பின்னால் ஒரு நசுங்கல்,
எல்லாவற்றையும் படமெடுத்தான்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இத்தனை கவனமாய்ப் பார்க்கவில்லை.

உயரம் இரண்டே முக்கால் மீட்டர்,
பாலம் வந்தால் மறந்துவிடாதீர்கள் என்றான்.
பிரிவு பதினொன்று:
மீன், மசாலா வாடை வந்தால்
நூற்றிருபது பவுண்டு பிடித்தம்.
அதை வாசிக்கும்போது மட்டும்
அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு நாள் ரொட்டியும் வாழைப்பழமும்.
என் கடுகு டப்பாவைத் தென்னவன்
கள்ளத்துப்பாக்கிபோல் ஒளித்துவைத்தார்.

ஐந்தாம் நாள், டர்னஸ்.
மழை பக்கவாட்டில் பெய்தது.
அடுப்பைத் தூக்கிப்போய்ப் புல்மேல் வைத்தேன்.
அவர் குடை பிடித்தார், எனக்கல்ல, வாணலிக்கு.
மூன்று தீக்குச்சி அணைந்து
நான்காவது பற்றியது.
கடுகு வெடித்தது அலைச் சத்தத்தில் கேட்கவேயில்லை,
பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.
ரசத்தில் பாதி மழை.
ஓர் ஆடு மட்டும்
மெல்வதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

வண்டிக்குள் வந்தபின்
கம்பளிச் சட்டைகள் சொட்டின.
ஸ்டியரிங்கில் ஒன்று, ஹீட்டர் முன்னால் ஒன்று.
கடைசிவரை காயவில்லை.

திருப்பிக்கொடுத்த அன்று
கேலம் கதவைத் திறந்து
நெடுநேரம் மோந்தான்.
நான் மூச்சுவிடவில்லை.
படிவத்தில் எழுதினான்:
நனைந்த நாய். அறுபது பவுண்டு.

எங்களுக்கு நாய் கிடையாது.
வாய் திறக்கப்போன தென்னவனின் காலை மிதித்தேன்.
கையெழுத்துப் போட்டோம்.

எடின்பரோ ரயிலில்
பிட்லாக்ரி தாண்டும்வரை
அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம்.