சூரியக் காப்பி

நவம்பர் கடைசியில் மலை அதை விழுங்கும்.
ஜனவரி கடைசியில் திருப்பித் துப்பும்.
நடுவே எங்கள் ஃபியர்டில்
பகல் என்பது ஒரு வதந்தி:
பதினொரு மணிக்குக் கிளம்பும்,
மூன்று மணிக்குள் பொய்யென்று தெரிந்துவிடும்.

சாகிற அளவு துக்கம் ஒன்றுமில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
சுகாதார நிலையத்துச் செவிலி அதைத்தான் முதலில் கேட்டாள்.
ஈரமான கம்பளிக் கோட்டைக் கழற்ற மறந்து
அப்படியே தூங்கி எழுந்தது போல,
அவ்வளவுதான்.
ஒரு காலுறையை மாட்டிவிட்டு
மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ,
கொதித்த கெட்டில் தானாக அணைந்து
ஆறியும் போயிருந்தது.

அவள் ஒரு விளக்கு இரவல் தந்தாள்.
காலையில் அரைமணி, முகத்துக்கு நேரே.
பல் மருத்துவர் எழுந்து போனபின்னும்
அணைக்கப்படாத விளக்கு மாதிரி.
அதன்முன் கண்கூசி ரொட்டி தின்கிறேன்.
மீனெண்ணெய் ஒரு கரண்டி,
மூக்கைப் பிடித்துக்கொண்டு.

ஆலையில் எட்டு மணி நேரம்
காட் மீன் துண்டில் மிச்சமிருக்கும் முள்ளையும் புழுவையும்
தேடி எடுக்கும் வேலை.
கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு;
சதையின் ஊடே வெளிச்சம் ஏறிவரும்.
டிசம்பரில் நான் பார்த்த விடியல் எல்லாம்
மீனுக்குள் நடந்தவை.

சாயங்காலம் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டி.
இதற்கு மட்டும் என்னை நானே
காதைப் பிடித்து இழுத்துப் போவேன்.
தலையில் பனி விழ, கழுத்துக்குக் கீழே கொதிக்க
ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்போம்.
"எப்படி?" என்பான் கெஸ்டுர்.
"ஏதோ ஓடுது" என்பேன்.
"எனக்கும் அப்படித்தான்" என்பான்.
மனைவி போனபின் அவன் பேசும்
மிக நீண்ட வாக்கியம் அது.
பிறகு டீசல் விலை. யார் வீட்டிலோ உறைந்து வெடித்த குழாய்.
ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.
அதை நம்பிக் கொஞ்சம் அழுதும் இருக்கிறேன்,
கேட்டால் குளோரின்.

ஜனவரி இருபத்தைந்து, சூரியக் காப்பி நாள்.
ஊர் முழுக்கப் பான்கேக் வாசனை,
மேகமோ மலையைவிடத் தடிமன்.
ஆனாலும் தின்றோம்.
வராத விருந்தாளிக்குச் சமைத்ததை
வேறென்ன செய்வது?
மறுநாளும் மேகம். அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது,
ஏனென்று தெரியவில்லை,
அடுப்படியில் நின்றபடியே
ஆறிப்போன நாலு பான்கேக்கை உள்ளே தள்ளினேன்.

புதன்கிழமை வேலை முடிந்து
கையுறையைக் கழற்றினால்
கெஸ்டுரின் குறுஞ்செய்தி:
"ஸ்டெய்ன்வோர், மத்தியானம் வந்தது.
உன் கதவில் நாலு நிமிஷம் நின்றது.
அவள் இல்லை என்றேன்.
நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்."

வீட்டுக்குப் போய்
இருட்டில் அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தேன்.
சில்லென்றுதான் இருந்தது.
நாளை மதியம் அரைமணி விடுப்பு கேட்டு
மேற்பார்வையாளருக்கு எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் யோசித்து:
வீட்டுக்கு ஆள் வருகிறார்.