ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே

ஜூலையில் பதினெட்டு நாள் மழை.
ஃபோர்ட் வேலியில் துவைத்த சட்டை காயவில்லை,
சொறி மட்டும் செழித்தது.

என் வேலை எண்ணுவது.
கிளைக்குப் பத்துக் காய், மரத்துக்கு ஐந்து கிளை.
புள்ளியே இல்லையென்றால் ஒன்று.
தோல் முழுக்கக் கரியென்றால் ஐந்து.
இடையில் உள்ளதெல்லாம் என் கண்ணின் நாணயம்.

டிசைரபிள் என்று இந்தப் பீக்கனுக்குப் பெயர் வைத்தவர்
சந்தையை நினைத்திருப்பார்:
பெரிய பருப்பு, மெல்லிய ஓடு.
ஆசைப்படத் தக்கது என்பதைப்
பூஞ்சையும் படித்துவிட்டது.
பத்து முறை மருந்தடித்தும்
நான்கு, நான்கு, ஐந்து, நான்கு.

அடுத்த வரிசை எலியட்.
சின்னக் காய். பவுண்டுக்கு நாற்பது சென்ட் குறைவு.
இருபது வருடமாக டெல்மர் ஹட்ச்சன்
அந்தப் பக்கம் டிராக்டரைத் திருப்பியதில்லை.
"அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்பார்,
அடம்பிடிக்காத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒன்று. ஒன்று. ஒன்று.
பேனாவுக்கே தூக்கம் வந்தது.

பதினான்காம் மரம், வடக்குக் கிளை,
நான்காவது காயின் கன்னத்தில்
ஒரு திருஷ்டிப் பொட்டு.

எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை.
லென்ஸ் வைத்தேன்:
விளிம்பில் பாசி நிறத்தில் வெல்வெட்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும், சரி.
இங்கே இடம் கொடுத்தது யார்?
கோடி வித்துகள், ஆளுக்கொரு சாவியோடு வந்து
இருபது மழைக்காலம் தோற்றுத் திரும்பிய வாசல் இது.
எதன் பல் பொருந்தியது?

ஐம்பது காயில் ஒரு புள்ளி.
பறவை கொத்தியிருக்கலாம், ஆலங்கட்டி பட்டிருக்கலாம் என்று
லென்ஸில் பார்த்த பிறகும்
வக்காலத்து வாங்குகிறது மனம்.
ஜனவரியில்தான், புயல் சாய்த்த இடங்களில்
இருநூறு எலியட் கன்று நட்டார் டெல்மர்.
ஒவ்வொன்றும் துடைப்பக் கம்புப் பருமன்.

அவர் இப்போது டிசைரபிள் வரிசையில்
பதினோராம் முறை மருந்தடிக்கிறார்.
வாடை இங்கே வரை.
என்னைப் பார்த்துத் தொப்பியை உயர்த்துகிறார்.

இரண்டு என்று எழுதினேன்.
காயைத் தாள் உறையில் போட்டு
மரத்தின் எண்ணைக் குறித்தேன்.
பதினைந்தாம் மரத்துக்கு நடந்தேன்.
பாதி வழியில் நின்றேன்.
இதுவரை போட்ட பதின்மூன்று ஒன்றுகளும்
பார்த்துப் போட்டவையா,
பழகிப் போட்டவையா?

முதல் மரத்துக்குத் திரும்புகிறேன்,
மறுபடி தூறல்.