பதினாறு பந்துகள்

புதுப்பேட்டையில் கிடைத்த
வாஷிங்மெஷின் மோட்டார்.
பெயின்ட் வாளி. உள்ளே சுற்றிலும்
மச்சினி கல்யாணத்தில் மிஞ்சிய
சிவப்புக் கம்பளம்.

முதல் ஓட்டத்திலேயே
ஏழாம் நம்பர் எகிறி
மிக்ஸிக்குப் பின்னால் விழுந்தது.
"ஜன்னலைத் தாண்டினா
கீழ்வீட்டு ரெஜினாகிட்ட நீயே பேசிக்கோ"
தமயந்தி, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஃபேன் ரெகுலேட்டரைப் பிடுங்கி மாட்டி
இரண்டில் வைத்தேன்.

பெரம்பூர் கிளப்பில் மூன்று வருஷமாய்
யார்யாரோ தோற்ற எரிச்சல்,
சாக்பீஸ் நீலம், பஜ்ஜி எண்ணெய்,
எல்லாம் கம்பளத்தில் இறங்குகிறது.
கரகரவென்று இருந்த சத்தம்
கொஞ்சம் கொஞ்சமாய் வழுக்குகிறது.

கரண்ட் போனது.

இருட்டில் கைவிட்டு ஒன்றை எடுத்தேன்.
அப்போதுதான் இட்ட முட்டையின் சூடு.
தடவினால் நம்பர் தெரியவில்லை.

அவள் கையில் வைத்தேன்.
உருட்டிப் பார்த்து,
"கறுப்பு" என்றாள்.
"எப்படி?"
"பந்தயம் கட்டு."

ஃபேனும் இல்லை.
வேர்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.