திரும்பப் பெறுதல்

இருபதாம் கொண்டை ஊசி வளைவில்
குழுத் தலைவரின் உதவியாளர் வாந்தி எடுத்தார்.
அதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார்கள்.
நான் கலெக்டர் அலுவலகத்துச் சுருக்கெழுத்தர்,
மூன்று நாள் இரவல்.
சொன்னால் எழுதுவேன். வேண்டாமென்றால் நிறுத்துவேன்.

ஏற்காட்டில் அமர்வு வைத்தது
சேலத்து வெயிலால் என்று கோப்பில் இல்லை.
"சாட்சிகள் அணுகுவதற்கு ஏற்ற இடம்" என்று இருக்கிறது.
சாட்சி கொண்டலாம்பட்டியிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.
பெயர் பொன்னுருவி. பட்டுத்தறி.
மடியில் மஞ்சள் பை, பைக்குள்
தண்ணீர் சுட வைக்கிற ஹீட்டர் கம்பி,
கைப்பிடி உருகி, நாக்குத் தொங்கின மாதிரி.

மேசைமேல் வைத்தாள்.
பிஸ்கட் தட்டை யாரோ சற்று நகர்த்தினார்கள்.

"வீட்டுக்காரரு வாளியில விரல விட்டு
சூடு பாத்தாருங்க.
அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான். சுருக்கெழுத்தில்
ஒரு வளைவு, ஒரு புள்ளி.

சோதனைக்கூடத்து நிபுணர் வந்தார்:
முத்திரை அசல், ஸ்டிக்கர் போலி.
ஸ்டிக்கர் அசல், முத்திரை போலியா?
திருப்பிச் சொல்லச் சொன்னேன்.
அவரும் குழம்பிப்போனார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார்:
எச்சரிக்கை நான்காம் பக்கத்தில் இருக்கிறது,
பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.
"வாங்கினவங்க படிச்சிருக்கணும்."
"படிச்சா ஷாக் அடிக்காதுங்களா?"
என்று கேட்டாள் பொன்னுருவி.
அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டேன்.
அவள் சிரிக்கவில்லை என்பதைப் போட
எங்களுக்குக் குறியீடு எதுவும் சொல்லித்தரவில்லை.

பிறகு விவாதம்.
ஏழாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு.
ஆபத்தான பொருளை விற்றவர் அதைத்
"திரும்பப் பெறலாம்" என்று இருந்தது.
உறுப்பினர் அங்கயற்கண்ணி திருத்தம் கொடுத்தார்:
"திரும்பப் பெற வேண்டும்."
ஒரே சொல். ஒன்றேகால் மணி நேரம்.

சிறுதொழில் நசிந்துவிடும் என்றார் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை வரைக்கும் இழுத்து.
ஜவ்வரிசிக்கும் இது வருமா என்றார் இன்னொருவர்;
அவருக்கு ஆத்தூர்ப் பக்கம் ஆலை.
"பெறலாம் என்பதிலேயே 'ஆம்' இருக்கிறதே, அம்மா"
என்றார் தலைவர்.
மறுபடி அடைப்புக்குறி, சிரிப்பு.
ஜன்னலில் ஒரு குரங்கு
பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.
மூடுபனி உள்ளே வந்து
எதிர்வரிசை முகங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டது.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி, இருமி, பிடித்துக்கொள்ளும் வரை
யார் யாரிடம் என்ன பேசினார்களோ,
வெளிச்சம் வந்தபோது
அங்கயற்கண்ணி நின்றுகொண்டிருந்தார்,
காகிதத்தை நான்காய் மடித்தபடி.

எழுதினேன்:
திருத்தம் திரும்பப் பெறப்பட்டது.

கை நின்றுவிட்டது.
இந்த மசோதாவில் இதுவரை
திரும்பப் பெறப்பட்ட ஒரே சரக்கு.

பொன்னுருவி கம்பியைப் பைக்குள் போட்டாள்.
"இத ஒப்படைச்சுட்டுப் போகோணுங்களா?"
ஒருவருக்கும் தெரியவில்லை.
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

இரவு விருந்தினர் மாளிகையில் குளிர்.
குளியலறையில் சிவப்பு வாளி, விளிம்பில்
அதே கம்பெனி, அதே கம்பி,
கைப்பிடி இன்னும் உருகாதது.
பக்கத்து அறையில் ஒரு குரல்
வெந்நீர் ரெடியா என்று கத்தியது.
தலைவர் குரல்தான். குறிப்பில் இல்லை.

நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.
பல் கிட்டியது.
காலையில் அந்தக் கம்பியைத் துண்டில் சுற்றி
நோட்டுகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடிவாரம் வருமுன் போன்:
"மேடம், உங்க ரூம்ல ஒரு ஹீட்டர் குறையுது."
நானூற்றைம்பது ரூபாய்.
கட்டினேன். ரசீதும் அனுப்பினார்கள்.
பயணப்படிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"இதரச் செலவில் போடலாம்"
என்றாள் கணக்குப் பிரிவு மரகதவல்லி.

போடலாம்.