ஹீட்டர் மீதான வாக்கெடுப்பு

கர்யாவெரே சமூகக் கூடம். பிப்ரவரி, மாலை ஆறு மணி.
வந்திருந்த ஊரார் முப்பத்தேழு பேர், ஒரு நாய்.
குறிப்பெடுப்பவள் நான்.
நூலகத்தில் வேலை என்பதால்
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
யாரோ என்றோ முடிவு செய்துவிட்டார்கள்.

வெளியே மைனஸ் பதினேழு.
உள்ளே டீசல் ஹீட்டர்
மேடையோரம் நின்று
கிழட்டு டிராக்டர் போல உறுமுகிறது.

தாலினிலிருந்து வந்த அமைச்சகப் பெண்
ஹெலெரின், மெல்லிய குரல்,
திரையில் கோடுகளைக் காட்டுகிறாள்:
டீசல் மீது இவ்வளவு, கார் மீது அவ்வளவு,
எடை கூடினால் கொஞ்சம்,
புகை கூடினால் இன்னும் கொஞ்சம்.
மூன்றாவது வரிசைக்கே எட்டவில்லை.
"சத்தமாகச் சொல்லம்மா."
அவள் சத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹீட்டரை அணைத்தோம்.

அப்போதுதான் காதில் விழுந்தது
"சராசரிக் குடும்பத்துக்குப் பெரிய பாதிப்பில்லை"
என்ற வாக்கியம்.
ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஹெல்துர் எழுந்தார்.
மரம் ஏற்றும் லாரி, முதுகுவலி, இரண்டும் சொந்தம்.
"பேருந்தை நிறுத்தினீர்கள். சரியென்று கார் வாங்கினோம்.
இப்போது காருக்கு வரி.
கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்ததாம்."
கைதட்டல். நாய் குரைத்தது.
கைதட்டலை மட்டும் எழுதிக்கொண்டேன்.

மாவட்டச் செவிலி எபே
உட்கார்ந்தபடியே பேசினாள்.
ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர்,
ஒன்பது வீடு, ஒன்பது காயக்கட்டு.
"எந்த வீட்டை விடட்டும்?
பெயர் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்."
ஒன்பதில் மூன்று பேர் கூடத்திலேயே இருந்தார்கள்.
தரையில் பார்க்க அவ்வளவு என்ன இருந்ததோ.

பிறகு வைகே.
நெடுஞ்சாலை வளைவில் மஞ்சள் வீடு.
பையிலிருந்து ஒரு துணியை எடுத்து உதறினாள்.
"கிறிஸ்துமஸுக்குத் துவைத்தது.
ஒரே ஒரு ஜன்னல் துடைத்தேன்."
கறுப்பு என்று எழுதினேன். அது போதவில்லை.
"காலை நாலு பத்துக்கு உன் லாரி, ஹெல்துர்.
உன்னைக் குற்றம் சொல்லவில்லை.
நீ கடந்துபோனதும் இருமல் வரும்,
எழுந்து மணி பார்ப்பேன், அவ்வளவுதான்."
ஹெல்துர் தொப்பியைக் கழற்றினார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.

இதற்குள் குளிர் முழங்கால் வரை ஏறியிருந்தது.
பேசியவர் வாயிலெல்லாம் ஆவி.
ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும்
ஒரே வெள்ளை.

ஹீட்டரைப் போடுங்கள் என்றது பின்வரிசை.
போட்டால் கேட்காது என்றது முன்வரிசை.
தலைவர் மேசையைத் தட்டினார்:
வாக்கெடுப்பு.
கையுறைகள் உயர்ந்தன. எண்ணினோம்.
போட பதினெட்டு. போடாமலிருக்க பதினெட்டு.
குறிப்பெடுப்பவளுக்கு வாக்கில்லை,
அது பழைய வழக்கம்.

மேடையில் ஒரு கை
பாதி உயர்ந்து நின்றது. ஹெலெரின்.
நகரத்து மெல்லிய கோட்டு, நீலம் பாரித்த விரல்கள்.
"அவள் இந்த ஊர்க்காரி இல்லை" என்றார் யாரோ.
"குளிர் இந்த ஊர்க்குளிர்தானே,
எண்ணுங்கள்" என்றார் ஹெல்துர்.

பத்தொன்பது.

உறுமல் திரும்பியது.
ஹெலெரின் மீதிக் கோடுகளைக் காட்டினாள்,
உதடுகள் அசைந்தன, எல்லோரும் தலையாட்டினோம்.
வைகே துணியை நாலாக மடித்து
பைக்குள் வைத்தாள்.
நாய் ஹீட்டரின் முன்னால் தூங்கிப்போயிற்று.

பொருள் ஒன்று, வரி: கருத்துகள் பதிவு செய்யப்பட்டன.
பொருள் இரண்டு, ஹீட்டர்: நிறைவேறியது.

வெளியே கண்ணாடிப் பனியைச் சுரண்டி
மூன்றாவது முறை சாவி திருப்பியதும்
என் கார் இருமிக்கொண்டு கிளம்பியது.
இருபது வருடப் பழசு. டீசல்.

இன்று காலை குறிப்பை நகலெடுக்கும்போது பார்த்தேன்,
ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல்:
என் காருக்கு எவ்வளவு வரும் என்று.
எப்போது போட்டேனோ.
ரப்பரால் அழித்தேன்.
தாளில் எண்ணின் பள்ளம்
இன்னும் தட்டுப்படுகிறது.